கிண்டியா, குரோம்பேட்டையா, திருப்பரங்குன்றமா? பேரையூரில் தயாராகும் ஒரு சாய்ஸ் லிஸ்ட்!

பேரையூர் என்று சொன்னாலே, "எந்தப் பேரையூர்?" என்ற கேள்வி வரும். நாகநாதர் கோயிலுக்குப் பேர்போன பேரையூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. கமுதி பக்கம் ராமநாதபுரம் மாவட்டத்திலும் ஒன்று உண்டு. நாம் இப்போது போவது மதுரை மாவட்டப் பேரையூருக்கு. ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன், இன்றைக்குத் தாலுகா தலைநகர். மதுரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி திருமங்கலம் போய், அங்கிருந்து டி.கல்லுப்பட்டி வழியாகப் போக வேண்டும். கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை இது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பஸ்கள் எல்லாம் இந்த வழிதான். டி.கல்லுப்பட்டியில் மேற்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் பேரையூர் வந்துவிடும்.

ஜூலை மாதத்தில் இந்தப் பாதையில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறப் பை கட்டிக்கொண்டிருக்கும் பக்தர்கள் ஒரு பக்கம். பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் அப்பாவையோ அம்மாவையோ உட்கார வைத்துக்கொண்டு போகும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். நாம் வந்திருப்பது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்க. இன்ஜினீயரிங் கவுன்சலிங் சீசனில் ஒரு சின்ன ஊர் எப்படி இருக்கிறது, ஒரு குடும்பம் எதை வைத்துக் கல்லூரியை முடிவு செய்கிறது என்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம்.

பஸ் ஜன்னலே ஒரு கல்லூரி கையேடு!

மதுரையிலிருந்து இந்த ரூட்டில் வந்தால், ஜன்னல் வழியாகவே உயர்கல்வி வரைபடத்தின் ஒரு பகுதியைப் பார்த்துவிடலாம். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி. கருமுத்து தியாகராசர் 1957-ல் தொடங்கியது. அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. கவுன்சலிங் கோடு 5008. தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்த நான்கு இலக்கமும் மனப்பாடம்.

அதைத் தாண்டினால் தோப்பூர். எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய இடம். முதல் மாணவர் அணி 2022-ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிப்பைத் தொடங்கியது. பஸ்ஸில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் கையை நீட்டி, "நம்ம பிள்ளைக எப்ப இங்க படிக்கப் போகுதோ" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

திருமங்கலம் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து கரிசல் விரிகிறது. மழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி விளையும் பூமி. மேற்கே மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கும். சாப்டூர் காடும் சதுரகிரியும் அந்தப் பக்கம்தான். வெயில் சுள்ளென்று அடித்தாலும் மலைக் காற்று கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது.

பேரையூர் பெரிய ஊர் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு மனு எழுத வந்தவர்கள், பத்திரம் பதிய வந்தவர்கள், உரம் வாங்க வந்தவர்கள் என்று காலையில் கடைத்தெரு களைகட்டும். மதியம் அடங்கிவிடும். இந்த மாதத்தில் மட்டும் மதியமும் அடங்காத கடைகள் சில உண்டு. அவை நெட் சென்டர்கள்!

"ஒண்ணாவதா எதைப் போடுறது?"

ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா, பஸ் டிக்கெட் என எல்லாம் செய்து தரும் ஒரு கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். கடைக்காரரை ஊரே "அண்ணே" என்கிறது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று மே மாதமே ஆரம்பித்த ஓட்டம், இப்போது சாய்ஸ் ஃபில்லிங்கில் வந்து நிற்கிறது.

அங்கேதான் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் படித்த பெண். கணிதத்தில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 94. கணிதத்துக்கு நூறு, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது என்று கணக்கிட்டால் 97, 46, 47. ஆக, கட் ஆஃப் 190. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். பருத்தி, மக்காச்சோள மூட்டை ஏற்றிப் போவார். அம்மா காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அவர்களோடு அப்பத்தாவும் வந்திருந்தார். "வீட்டுல தனியா இருந்து என்ன செய்யப்போறேன்" என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தப் பெண்ணின் கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. அதில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய பட்டியல். முதல் மூன்று வரிகளில்தான் சண்டை.

மகளுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் ஏரோநாட்டிக்கல் வேண்டும். சென்னை தாம்பரத்தில் மளிகைக் கடை வேலையில் இருக்கும் தாய்மாமன், ஸ்பீக்கர் போனில் வந்து, "கிண்டிதான் ஃபர்ஸ்ட்டு. கிண்டியில என்ன குரூப் கெடைச்சாலும் போடு பாப்பா. கிண்டின்னா கிண்டிதான்" என்கிறார். அம்மாவின் கணக்கே வேறு. "திருப்பரங்குன்றம்னா காலையில போயிட்டுப் பொழுதுக்குள்ள வந்துரலாம்ல. அம்புட்டுத் தூரம் மெட்ராஸுக்கு எதுக்கு?" அப்பா எதுவும் பேசவில்லை. "எல்லாம் அண்ணா யுனிவர்சிட்டி தானண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "ஒரே பல்கலைக்கழகத்துல எதுக்கு இத்தனை கோடு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பல வீடுகளில் பட்டியல் எழுதுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு பல்கலைக்கழகம், நான்கு வாசல்

1978 செப்டம்பர் 4 அன்று அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. ஆனால், அதற்குள் இருக்கும் நான்கு நிறுவனங்களும் அதைவிட மூத்தவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறந்து வளர்ந்து, பிறகு ஒரே குடையின் கீழ் வந்தவை.

முதலாவது, கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 1920-களில் கிண்டிக்கு வந்தது. கோடு 1. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் தொடங்கி ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், பிரின்டிங், மைனிங் வரை இங்கே உண்டு.

இரண்டாவது, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் 1944-ல் உருவானது. கோடு 2. கிண்டி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கெமிக்கல், டெக்ஸ்டைல், ஃபுட் டெக்னாலஜி, பார்மசூட்டிக்கல் டெக்னாலஜி, செராமிக் என்று பொருளை உருவாக்கும் படிப்புகள் இதன் சிறப்பு. நம் கரிசல் காட்டுப் பருத்தி எப்படி நூலாகி, துணியாகிறது என்பதைப் பாடமாகப் படிக்க விரும்பினால் அதற்கான வாசல் இதுதான்.

மூன்றாவது, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. இதுவும் கிண்டி வளாகத்தில். பி.ஆர்க் படிப்புக்கு நாட்டா தேர்வு எழுத வேண்டும். அதன் கவுன்சலிங்கும் தனி.

நான்காவது, எம்.ஐ.டி. கோடு 4. கிண்டியில் இல்லை. குரோம்பேட்டையில், புறநகர் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தனி வளாகம். சி.ராஜம் என்ற தொழிலதிபர், தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949-ல் தொடங்கியது. ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், இன்ஸ்ட்ருமென்டேஷன், எலெக்ட்ரானிக்ஸ் என்று அந்தக் காலத்தில் மற்ற இடங்களில் இல்லாத படிப்புகளைக் கொண்டுவருவதுதான் அவர் நோக்கம். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தது இங்கேதான்.

இந்த நான்கும் பல்கலைக்கழகத்தின் நேரடித் துறைகள். இவை போக, மண்டல வளாகங்கள் உண்டு. மதுரையில் கீழக்குயில்குடி சமணர் மலை பக்கத்தில் இருப்பது அப்படி ஒன்று. அதற்கும் அப்பால் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள். பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம் என்றாலும், ஆசிரியர்கள், ஆய்வகம், கட்டணம், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். "எல்லாம் அண்ணா யுனிவர்சிட்டிதானே" என்று சொல்லி ஏதோ ஒன்றை எடுத்துவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களிலேயே சில படிப்புகளுக்கு சுயநிதிப் பிரிவு இருக்கிறது. அதற்குத் தனி கோடு, கூடுதல் கட்டணம். பட்டியலில் பெயர் ஒரே மாதிரிதான் தெரியும். கோடைப் பார்க்காமல் போட்டால், ஃபீஸ் கட்டும்போதுதான் வித்தியாசம் புரியும்.

தகரக் கூரையும் பெரிய திரையும்

பேரையூர் டீக்கடை ஒன்றில், மகனை இன்ஜினீயரிங் சேர்த்துப் பல வருடமான ஒரு பெரியவர் பேச்சுக்குப் பேச்சு சிரித்தார். "இப்ப இங்கேயே உக்காந்து போட்டுற்றீங்க. எங்களுக்கு அப்பிடியா?" என்றார்.

அவர் சொல்வது சரிதான். 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் கோச்சிங்குக்காக மதுரைக்கு ஓட வேண்டும். 2007-ல் அது நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்று ஆனது. ஆனால், கவுன்சலிங்குக்கு நேரில் போகும் வழக்கம் 2017 வரை தொடர்ந்தது. முந்தைய நாள் ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெட்டியோடு காத்திருப்பார்கள். பெரிய திரையில் காலியிடங்கள் ஓடும். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், கம்ப்யூட்டர் முன்னால் சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். வெளியே வந்த பிறகுதான், "ஐயோ, அதைக் கேட்டிருக்கலாமே" என்று தோன்றும்.

2018-ல் ஆன்லைன் வந்தது. இரவுப் பயணச் செலவு மிச்சம். முடிவெடுக்க சில நாள் அவகாசம். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். ஆனால், அன்றைக்கு எதிரே திரையில் தெரிந்த காலியிடம் இன்றைக்குத் தெரியாது. முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால்தான், "ஒண்ணாவதா எதைப் போடுறது?" என்ற கேள்வி இவ்வளவு கனமாகிவிட்டது.

பெரிய ஆசையை முதலில் போட்டால் நஷ்டமா?

நெட் சென்டரில் அந்த அப்பா கடைசியாக வாயைத் திறந்து கேட்டது இதைத்தான். "பெரிசா ஆசைப்பட்டு மொதல்ல ஒண்ணைப் போட்டு, அது கெடைக்காமப் போனா, ரெண்டாவது போட்டதும் வேற யாருக்காச்சும் போயிருமேம்மா?"

இந்தப் பயம் பேரையூரில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஆனால், கவுன்சலிங் அப்படி நடப்பதில்லை.

ரேங்க் வரிசைப்படிதான் ஒதுக்கீடு. உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் சாய்ஸில் உங்களுக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் அதுவே. இல்லையென்றால் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் உங்களுக்கு அடுத்த ரேங்க் ஆள் பட்டியலைத் திறக்கும். ஆக, உங்களுக்குப் பின்னால் இருப்பவர், நீங்கள் முதல் சாய்ஸில் 'நேரத்தை வீணாக்கும்' சமயத்தில் உங்கள் இரண்டாவது சாய்ஸை எடுத்துக்கொண்டு போக முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், கிடைக்குமா, கிடைக்காதா என்று பயந்து பட்டியலைக் கீழிறக்க வேண்டியதில்லை. எது நிஜமாகவே வேண்டுமோ, அதை அந்த வரிசையிலேயே எழுதலாம். போன வருடக் கட் ஆஃபைப் பார்ப்பது, பட்டியல் போதுமான நீளத்துக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். ஆசையை வெட்டுவதற்கு அல்ல.

ஆனால், இதில் ஒரு கத்தி முனையும் உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே, மேலே உள்ள சாய்ஸுக்காகக் காத்திருக்கலாம். இதைத்தான் 'அப்வர்டு' என்கிறார்கள். மேலே உள்ளது கிடைத்துவிட்டால், கையில் இருந்த பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. தாய்மாமன் பேச்சைக் கேட்டு மனசில்லாத ஒன்றை முதல் வரியில் போட்டுவிட்டு, மனசுக்குப் பிடித்தது மூன்றாவது வரியில் இருந்தால், 'அப்வர்டு' கொடுத்ததும் பிடித்தது போய், பிடிக்காதது வந்து நிற்கும். சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். தப்பு, நாம் கொடுத்த வரிசையில் இருக்கும்.

இதை விளக்கி முடித்ததும், அந்தப் பெண் நோட்டைத் திருப்பி அப்பாவிடம் காட்டினாள். "அதான்ப்பா நானும் சொன்னேன். ஏரோவை மேல போட்டா மதுரை போயிராது."

அமெரிக்காவில் இதே சண்டை... ஒரே ஒரு அம்போடு!

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களில், அக்டோபர் மாதம் இதே சண்டை நடக்கும். அங்கே பல பெரிய பல்கலைக்கழகங்களில் 'ஏர்லி டெசிஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. பொதுவாக நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்தால் டிசம்பரிலேயே முடிவு தெரிந்துவிடும். ஆனால், ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் இப்படிப் போட முடியும். இடம் கிடைத்தால் சேர்கிறேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். கார்னெல், பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களுக்குள் பல பள்ளிகள். பொறியியல் ஒரு பள்ளி, விவசாயம் ஒரு பள்ளி, வணிகம் ஒரு பள்ளி. விண்ணப்பத்திலேயே எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டும். 'சுலபமாகக் கிடைக்கும் பள்ளியில் நுழைந்து, பிறகு மாறிக்கொள்ளலாம்' என்று சில குடும்பங்கள் கணக்குப் போடும். மாறுவது நிச்சயமில்லை. பெயருக்காக உள்ளே போய், பிடிக்காத பாடத்தில் நான்கு வருடம் உட்கார வேண்டிவரலாம்.

நம்மிடம் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். அவர்களிடம் ஒரே அம்பு. ஆனால், 'கிண்டியில என்ன குரூப் கெடைச்சாலும் போடு' என்ற தாய்மாமனின் வாதமும், 'எப்படியாவது அந்த யுனிவர்சிட்டிக்குள்ள போயிரு' என்ற நியூ ஜெர்சி அப்பாவின் வாதமும் ஒன்றுதான். பெயர் பெரிதா, பாடம் பெரிதா?

டி.கல்லுப்பட்டியில் ஒரு கொலம்பியா மாணவர்

பெரிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கரிசல் பூமிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தால், திரும்பும் வழியில் டி.கல்லுப்பட்டியில் இறங்குங்கள். அங்கே 1940-ல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம்.

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர். லண்டனில் கணக்காளர் படிப்பு. பிறகு அமெரிக்காவின் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை. அங்கிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், அரசு நிதி பற்றிப் படித்தார். வணிகம் படித்தவர், அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது. அந்த ஆய்வுதான் அவரைக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிராமப் பொருளாதாரத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவர், 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் மறைந்தார்.

படித்த இடங்களின் பெயருக்காக அவரை இந்த ஊர்க்காரர்கள் நினைவு வைத்திருக்கவில்லை. அங்கே அவர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதுதான் நிற்கிறது.

கண்ணாடி வளையலும் தங்க வளையலும்

தாய்மாமன் சொன்னதையும் முழுதாகத் தள்ள முடியாது. கிண்டியில் படித்தவர்களின் கதைகள் அவர் பக்கம் சாட்சி சொல்கின்றன. ஆந்திராவின் சித்தூர் மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த ராஜ் ரெட்டி, கிண்டியில் படித்தது சிவில். 1958-ல் பட்டம் வாங்கியவர், பிறகு கம்ப்யூட்டர் துறைக்குப் போய், 1994-ல் அந்தத் துறையின் உச்சமான டூரிங் விருதைப் பெற்றார். மெக்கானிக்கல் படித்த வர்கீஸ் குரியன், பால் புரட்சி செய்தார். 1940-களில் எலெக்ட்ரிக்கல் படித்த ஏ.லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். கைக்குழந்தையோடு இளம் விதவையாகி, அதன் பிறகு கல்லூரிக்கு வந்தவர் அவர். நல்ல வளாகம், எடுத்த குரூப்பைத் தாண்டியும் கொண்டுபோகும் என்பதற்கு இவர்கள் உதாரணம்.

மகள் பக்கமும் சாட்சி இருக்கிறது. அப்துல் கலாம் திருச்சியில் பி.எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு, எம்.ஐ.டி-யில் சேர்ந்தார். சேர்க்கைப் பணத்துக்காக அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை, 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம். முதல் வருடம் முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, யோசிக்காமல் ஏரோநாட்டிக்கல் எடுத்தார். மனசில் ஏற்கெனவே விமானம் இருந்தால், பாடம்தான் முதலில்.

இந்தக் கதையைச் சொன்னபோது, அந்த அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி வளையல்தான் இருந்தது. "அடகு வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தார். சிரிப்பு சிரிப்பாக இல்லை. தூரத்தைக் காட்டி அவர் சொன்ன மறுப்பின் அடியில் இருந்தது செலவு பற்றிய பயம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

வளையலைத் தொட வேண்டியதில்லை!

இங்கேதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித முன்னுரிமை இட ஒதுக்கீட்டுக்கு 2021-ல் சட்டம் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் இது பொருந்தும். இது போக, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது.

எந்தப் பட்டியலின் கீழ் இடம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சலுகை மாறும். அதனால், ஒதுக்கீடு வந்ததும் அவசரப்பட்டு 'ஓகே' அழுத்தாமல், கவுன்சலிங் உதவி மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

"ஹாஸ்டலுக்குமா கெவுருமென்ட்டு கட்டுது?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். நெட் சென்டர் அண்ணன் அரசாணையையே எடுத்துக் காட்டினார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வரை யாரும் பேசவில்லை.

அதன் பிறகு பேச்சின் திசையே மாறியது. மெட்ராஸா, மதுரையா என்ற கேள்வி போய், மெட்ராஸில் பெண்கள் விடுதி எப்படி, குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் எவ்வளவு தூரம், மாமா வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பாரா என்ற கேள்விகள் வந்தன. போனில் இருந்த மாமா, "ரயில்ல ஏறுனா ரெண்டு ஸ்டேஷன்தான்க்கா. சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டைதான்" என்றார். கிண்டி, கிண்டி என்று சொன்னவர், தன் வாயாலேயே குரோம்பேட்டையைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்.

அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏரோப்ளேன் படிச்சா, ஏரோப்ளேன்லதான் இருக்கணுமாத்தா?" பேத்தி அவர் கன்னத்தைக் கிள்ளினாள்.

பட்டியல் எழுதும் முன்...

பேரையூரில் ஒரு நாள் சுற்றியதில் கிடைத்த பாடங்களை, இந்த வருடமோ அடுத்த வருடமோ கவுன்சலிங்குக்குப் போகும் வீடுகளுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன்பே, நோட்டில் பட்டியல் எழுதுங்கள். மகனோ மகளோ ஒரு பட்டியல், பெற்றோர் ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே சண்டை என்று தெரியும். அது பெரும்பாலும் முதல் ஐந்து வரிகளில்தான் இருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதுவும் கீழே உள்ளதும் இரண்டும் கையில் கிடைத்தால், நிஜமாகவே இதைத்தான் எடுப்போமா?' ஆமாம் என்றால் மட்டும் வரிசை சரி.

கல்லூரிக் கோடு, படிப்புக் கோடு இரண்டையும் சத்தமாக ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபாருங்கள். சுயநிதிப் பிரிவா என்று பாருங்கள்.

பட்டியலை நீளமாகவே வையுங்கள். பத்து சாய்ஸோடு நிறுத்தி, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால், சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காகப் போடாதீர்கள்.

பாஸ்வேர்டையும் ஓ.டி.பி வரும் போனையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். லாக் செய்த பிறகு பட்டியலை ஒரு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பட்டியலை லாக் செய்தாள். முதல் வரியில் கோடு 4, ஏரோநாட்டிக்கல். இரண்டாவது வரியில் கோடு 1, மெக்கானிக்கல். அது மாமாவுக்காக என்று நினைத்தேன். "இல்லக்கா, அதுவும் எனக்குப் புடிக்கும்" என்றாள். மூன்றாவது வரியில் 5008, மெக்கானிக்கல். அதன் கீழே இன்னும் முப்பத்தெட்டு வரிகள். பிரின்ட் வெளியே வந்ததும் அப்பா அதை வாங்கி நான்காக மடித்து, லாரியின் ஆர்.சி புக் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். ஒதுக்கீடு வர இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் விருதுநகருக்கு இரண்டு லோடு போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.